தெரியாது என்று நான் சொன்ன பாஷை

நான் பொய் சொன்னேன். பெரிய பொய்யெல்லாம் இல்லை, இரண்டே வாக்கியம். "அந்த பாஷை எனக்குத் தெரியாது சார்" என்று ஒன்று. "அப்படி எதுவும் அவ என்கிட்டச் சொன்னதில்ல" என்று இன்னொன்று. அவற்றைச் சொல்லித்தான் ஓர் ஆய்விதழின் ஆசிரியர் பதவியை என் தோழியிடமிருந்து பறித்துக்கொண்டேன். அதே இரண்டு வாக்கியங்களால் ஒரு வயதான அம்மாள் நடுத்தெருவில் விழுந்து, இடுப்பு முறிந்து, படுத்த படுக்கையாகிச் செத்துப்போனார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிரிக்க முடிந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்விதழ் எதைப் பற்றியது தெரியுமா? வீடுகளுக்குள் முதியோருக்கு நடக்கும் கொடுமைகளைப் பற்றியது!

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். பணத்துக்காகவா? அந்தப் பதவியில் பணமே கிடையாது. அவள் எனக்கு ஏதாவது கெடுதல் செய்தாளா? ஒருநாளும் இல்லை. பொறாமை... அவ்வளவுதான். வயிற்றெரிச்சல் என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அதைச் சும்மா சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே வயிற்றில்தான் எரிந்தது.

என் ஊர் சோழவந்தான் பக்கம். அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர். எங்கள் தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை... இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இன்றைக்காவது ஒழுங்காக உண்மையைச் சொல்ல வேண்டாமா? எனக்குக் கிடைத்த எதுவும் தானாக என் மடியில் வந்து விழவில்லை. ஒவ்வொன்றையும் மல்லுக்கட்டித்தான் வாங்கினேன். அதனாலேயே, தானாக வந்து விழுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

நிர்மலாவுக்குத் தானாக வந்து விழும். மதுரையில் எம்.ஏ. சமூகவியல் படித்தபோது என் பக்கத்து இருக்கை அவளுடையது. நான் மாதக்கணக்கில் உருப்போட்டு எழுதுவேன். அவள் பேனாவை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுத ஆரம்பிப்பாள். பேராசிரியர்கள் அவள் தாளைத்தான் வகுப்பில் வாசித்துக் காட்டுவார்கள். நான் கைதட்டுவேன். எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் தட்டுவேன்.

அவள் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். படிப்பு முடிந்த கையோடு செல்லூரில் ஒரு தறிக்கார வீட்டுக்கு மருமகளாகப் போனாள். கணவருக்கு ஜவுளி ஏஜெண்ட் வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். மாமனார் எப்போதோ காலமாகிவிட்டார். வீட்டில் மாமியாரும் ஒரு சின்ன மகளும். அவள் படிப்பு அப்படியே அடுப்படியில் கிடந்தது. அதை நினைத்து நான் வருத்தப்பட்டேனா? வெளியே வருத்தப்பட்டேன். உள்ளே எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில் நான் நல்ல தோழியாகவும் இருந்தேன்! நரிமேட்டில் ஒரு மாடி அறையில் தனியாகத் தங்கியிருந்தேன். ஞாயிறு வந்தால் எனக்குச் சாப்பாடு நிர்மலா வீட்டில்தான். அவள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவார். என்னோடு மதுரைத் தமிழ் பேசுவார், மருமகளோடு அவர்கள் வீட்டு பாஷை பேசுவார். சாப்பிடச் சாப்பிட அந்த பாஷை என் காதிலும் ஏறியது. முதலில் குழம்பு, மோர் என்று பதார்த்தங்களின் பெயர்கள். பிறகு திட்டுகள். பிறகு முழுப் பேச்சும். நான் தப்பும் தவறுமாகப் பேசும்போது அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நாலைந்து வருடங்களில் அந்த வீட்டில் என்ன பேசினாலும் எனக்குப் புரியும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பிறகு அந்த அம்மாளின் நினைவு பிசக ஆரம்பித்தது. முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தது. பிறகு பேத்தியின் பெயர் மறந்தது. அப்புறம், உங்களால் நம்ப முடிகிறதா, தமிழே மறந்துபோனது! பிறந்ததிலிருந்து மதுரையில் பேசிய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, அம்மா மடியில் கற்ற பாஷை மட்டும் மிஞ்சியது. அதை அழகாக, தெளிவாகப் பேசுவார். கேட்கிறவர்களுக்கு அவர் புத்தியில் கோளாறு இருப்பதாகவே தோன்றாது. ஆனால் அவர் பேசுவதெல்லாம் செத்துப்போன கணவரைப் பற்றியதாக இருக்கும். சேலைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு சிம்மக்கல் கடைகளுக்குப் போனவர் இன்னும் சாப்பிட வரவில்லையே என்று தேடுவார்.

ஒருநாள் தேடிக்கொண்டு கிளம்பியே போய்விட்டார். நானும் நிர்மலாவும் செல்லூர் சந்து சந்தாக ஓடினோம். வைகைக் கரையில் தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு நிர்மலா தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்போது நான்தான் சொன்னேன்: "அழுது என்ன ஆகப்போகுது? அத்தை ரூம்புக்கு வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போடு. நீ புள்ளையைக் கூப்பிடப் போற நேரத்துக்கு மட்டும் போட்டுக்க."

"பூட்டி வச்ச மாதிரி ஆயிராதாடி?" என்று கேட்டாள்.

"ஆத்துல போயி விழுந்துட்டா மட்டும் நல்லாருக்குமா?" என்றேன். அவள் மனசே இல்லாமல் தச்சரைக் கூப்பிட்டாள்.

இப்போது ஆய்விதழுக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் அதை நடத்திவந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழ். தொண்ணூறுகளில் அந்தப் பொருளைப் பற்றி எழுதவே ஆள் கிடையாது. 'நம்ம வீடுகளில் அப்படியெல்லாம் நடக்குமா?' என்று படித்தவர்களே முகத்தைச் சுளித்த காலம். அவர் விடாமல் கட்டுரைகளைத் தேடித் தேடி வாங்கிப் போட்டார். நான் அவருக்கு உதவி ஆசிரியர். கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடுப்பது, மெய்ப்புப் பார்ப்பது, தபாலில் அனுப்புவது எல்லாம் நான்தான். அவருக்குக் கண்பார்வை மங்கியது. ஆசிரியர் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அந்த இன்னொருவர் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அட்டையின் உட்பக்கத்தில் என் பெயர் எந்த இடத்தில் வரும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்!

ஆனால் அவர் முறை பிசகாத மனிதர். "விளம்பரம் கொடுப்போம்மா. யாரு தகுதியோ அவங்க வரட்டும்" என்றார்.

விளம்பரம் கொடுத்தோம். என்னைத் தவிர ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. ஒரே விண்ணப்பம் என்றால் போட்டி என்று எப்படிச் சொல்வது? ஜெயித்தது போலவே இருக்காதே... ஆகவே நானே போய் நிர்மலாவை விண்ணப்பிக்கச் சொன்னேன். பேருக்கு ஒரு போட்டி. தோற்பதற்கென்று ஒரு ஆள். பிள்ளை பெற்று, அடுப்படியில் உட்கார்ந்து, பேனா பிடித்தே வருடக்கணக்காகிவிட்டது. இனி என்ன எழுதிவிடப் போகிறாள்?

என் கர்வத்தைப் பாருங்கள்!

பேராசிரியர் எங்கள் இருவருக்கும் ஒரே கட்டுரையைக் கொடுத்தார். எழுதியவர் பெயரை நீக்கிய, வந்தது வந்தபடி இருந்த கட்டுரை. அதைச் செம்மைப்படுத்திக் கொடுக்க வேண்டும். நான் ஒரு பிழை விடாமல் திருத்தினேன். ஒற்று, கால்புள்ளி, மேற்கோள் எல்லாம் சரிபார்த்து, பளிச்சென்று கொடுத்தேன். நிர்மலா என்ன செய்தாள் தெரியுமா? முதல் மூன்று பக்கங்களை அப்படியே தூக்கிவிட்டாள். உள்ளே எங்கேயோ புதைந்து கிடந்த ஒரு முதியவரின் பேச்சை எடுத்து முதல் வரியாக வைத்தாள். அதே கட்டுரைதான், ஆனால் உயிர் வந்துவிட்டது.

பேராசிரியர் அதை என் எதிரிலேயே வாய்விட்டு வாசித்தார். பாதியில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ண எங்கம்மா இம்புட்டு நாளா ஒளிச்சு வச்சிருந்த?" என்று என்னிடம் கேட்டார்.

நான் சிரித்தேன். "நான்தான் சார் விண்ணப்பிக்கச் சொன்னேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் அந்த இதழுக்காக நாயாய் உழைத்தவள் நான். அவள் ஒரு மத்தியான நேரத்தில், குழந்தை தூங்கும்போது உட்கார்ந்து, என் உழைப்பையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டாளே! அவளுக்கு ஏன் எல்லாம் சுலபமாக வருகிறது? எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? கடவுளிடம் கேட்டேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவள் நான், இருந்தும் கேட்டேன்.

ஆனால் பேராசிரியருக்கு ஒரு வழக்கம் இருந்தது. இந்த இதழில் யாரைச் சேர்ப்பதானாலும் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டுக்குப் போவார். வீட்டில் பெரியவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்குப் பிறகு சாப்பிடுகிறார்கள், பேசும்போது யார் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்றெல்லாம் கவனிப்பார். "காயிதத்துல என்ன வேணாலும் எழுதலாம்மா. வீட்டுக்குள்ள போனாத்தான் ஆளு தெரியும்" என்பார்.

என் அறைக்கும் வந்தார். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கொஞ்சம் புத்தகங்கள். "உன் வீட்டுல பெரியவங்களே இல்லையேம்மா, என்னத்தைப் பாக்குறது?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆம்... என் அப்பா ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே அவர் எப்படி இருக்கிறார் என்று நான் போய்ப் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. கவனிக்காமல் விடுவதற்கு வீட்டில் ஆளே இல்லாததால் நான் தேர்வில் தேறிவிட்டேன்.

அடுத்தது செல்லூர். "நீயும் விண்ணப்பம் போட்டவ. உன்னைக் கூட்டிட்டுப் போறது முறையில்லதான். ஆனா அந்தச் சந்துகள்ல எனக்கு வழி தெரியாதே" என்று தயங்கினார். "நான் காட்டுறேன் சார்" என்றேன். நிர்மலாவுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உச்சி வெயில். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டு பக்கமும் விசைத்தறிகள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நிர்மலா வீட்டு வாசற்கதவில் நாதாங்கி மட்டும் மாட்டியிருந்தது, பூட்டு இல்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூப்பிடப் போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே அத்தைக்கு ஏதாவது ஒன்றென்றால் அக்கம்பக்கத்தார் நுழைய வேண்டும் என்பதற்காகத்தான் பூட்டமாட்டாள் என்பதும் தெரியும். "இப்ப வந்துருவா சார். வெயில்ல நிக்க வேணாம், உள்ள உக்காருவோம். எனக்குப் பழகுன வீடுதான்" என்று நாதாங்கியை எடுத்தேன்.

அப்போது என் மனதில் வஞ்சகம் இருந்ததா? இல்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வருகிறேன். உங்களிடம் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை...

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உள்ளறைக் கதவு தட்டப்பட்டது. தட்டலோடு அழுகைக் குரல். பேராசிரியர் எழுந்தார். கதவின் வெளிப்பக்கம் போட்டிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

அந்த நொடியில் என் மனம் துள்ளியது! ஆம், துள்ளியது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர் தாழ்ப்பாளைத் திறந்தார். அந்த அம்மாள் வெளியே வந்தார். துவைத்த சேலை, படிய வாரிய தலை. எல்லாம் நிர்மலாவின் கைவண்ணம். பேராசிரியரின் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழியப் பேசத் தொடங்கினார். 'கடைக்குச் சேலை போடப் போனவர் இன்னும் வரவில்லை. சிம்மக்கல்லில்தான் இருப்பார். சோறு ஆறிப்போகிறது. நீங்கள் அந்தப் பக்கம்தானே போகிறீர்கள், வரச் சொல்லுங்கள்...' ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

"அம்மா, சாப்பிட்டீங்களா? உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவர் கேட்டார். தமிழ் புரியாத அந்த அம்மாள் இன்னும் அதிகமாக அழுதார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றாங்க?"

யோசித்துப் பாருங்கள். நான் ஒரு வரி சொன்னால் போதும். 'செத்துப்போன புருஷனைத் தேடுறாங்க சார்' என்றால் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். தாழ்ப்பாள் ஏன் என்பது விளங்கியிருக்கும். நிர்மலா எப்படிப்பட்டவள் என்பதும் விளங்கியிருக்கும். பதவியும் அவளுக்குப் போயிருக்கும்.

"அந்த பாஷை எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அவர் விடவில்லை. நியாயஸ்தர். "புத்தி கித்தி தடுமாறியிருக்குமோ? உன் சிநேகிதி ஏதாச்சும் சொல்லியிருக்காளா?" என்று கேட்டார். நான் திருந்துவதற்காகவே கேட்டது போல!

"அப்படி எதுவும் அவ என்கிட்டச் சொன்னதில்ல சார்."

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேராசிரியர் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்துக் குடிக்கவைத்தார். "வாம்மா, போயிருவோம்" என்றார். இருந்து நிர்மலாவிடமே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்கமாட்டார். களப்பணியில் அவர் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த விதியே அதுதான். கொடுமை நடக்கிற வீட்டில் வீட்டாரை எதிர்த்துக் கேட்கக் கூடாது. "நாம கேட்டுட்டு வந்துருவோம். அதுக்கு வட்டியும் முதலுமா அந்தப் பெரியவங்கதான் அனுபவிக்கணும்" என்பார். அன்றைக்கும் அதையேதான் சொன்னார். "நாம வந்த விசயமே அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாம். பின்னாடி வேற ஆள அனுப்பிப் பக்குவமா விசாரிப்போம்."

கிளம்பும்போது என் கை பழக்கத்தில் தாழ்ப்பாளை நோக்கிப் போனது. "பூட்டாதம்மா" என்று தடுத்தார். வாசலுக்கு வந்து நாதாங்கியை எடுத்தேன். "அதையும் விட்டுரு. அந்தம்மாவும் மனுசிதானே? கொஞ்ச நேரம் காத்தாட வாசல்ல நிக்கட்டும்."

அந்த அம்மாள் வாசலில் நிற்கமாட்டார். சிம்மக்கல்லுக்குக் கிளம்புவார். எனக்குத் தெரியும்! ஆனால் அதைச் சொன்னால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பாரே... நாதாங்கியைத் தொங்கவிட்டுவிட்டு நடந்தேன். நிர்மலா இதோ வந்துவிடுவாள், இந்தச் சந்து திரும்புவதற்குள் வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அன்றைக்கென்று பார்த்து அவள் மகளுக்குப் பள்ளியில் காய்ச்சல். டாக்டரிடம் காட்டிவிட்டு, தாமதமாகத்தான் வீடு திரும்பியிருக்கிறாள்.

இதழ் அலுவலகத்துக்கு அவள் போன் வந்தது. "தனம்... அத்தையைக் காணோம்டி! நான்தான் தாழ்ப்பாள் போட மறந்துட்டேன் போல. நாதாங்கியக் கூட மாட்டாமப் போயிருக்கேன்டி, பாவி நானு! ஆத்துப் பக்கம் ஓடுறேன், நீயும் வாரியா?"

"வாரேன்" என்றேன். ஆற்றுப் பக்கம் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேரே சிம்மக்கல்லுக்குப் போனேன். மொத்தக்கடைகள் இருக்கும் வீதியில் ஒரு கும்பல். ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டுப் போயிருந்தது. யாரோ ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். 'அவரைப் பார்த்தாயா?' என்று அந்த அம்மாள் கேட்டார். 'வந்துவிடுவார், வந்துவிடுவார்' என்று சொன்னேன். மத்தியானம் தெரியாது என்று சொன்ன அதே பாஷையில்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிர்மலா என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உனக்கு எப்படிடி சிம்மக்கல்லுனு தோணுச்சு? நீ மட்டும் போகலன்னா எங்கத்தை ரோட்டுலயே கெடந்திருக்கும்டி! இந்த நன்றிய நான் எந்த ஜென்மத்துல தீர்ப்பேன்?"

நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? அவள் என்னை அப்படிப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் கீழே இருந்து என்னைப் பார்த்தாள்.

மறுநாள் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். "கதவத் தொறந்ததும் தப்பிச்சு ஓடியிருக்கே அந்த உசுரு... எம்புட்டுப் பயந்து கெடந்திருந்தா இந்த வயசுல ஓடும்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு விசாரிக்க ஆள் அனுப்பும் பொறுப்பையும் என்னிடமே விட்டார், நான் யாரையும் அனுப்பவில்லை.

ஆசிரியர் பதவி எனக்கு வந்தது. நிர்மலாவுக்கு மரியாதையாக ஒரு மறுப்புக் கடிதம் போனது. காரணத்தை அவர் எழுதவில்லை. அதுவும் அவருடைய விதிகளில் ஒன்று. நிர்மலா ஒரு டப்பாவில் கேசரி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "எப்படியும் என்னால வந்திருக்க முடியாதுடி, அத்தைக்குப் படுக்கையிலதான் எல்லாம். நீ வந்தது எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா?" என்றாள். அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஒரு துளி பொறாமையாவது தெரிகிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதற்காகவும் அவள்மீது பொறாமைப்பட்டேன்! அந்தக் கேசரியை நான் எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

அந்த அம்மாள் ஏறக்குறைய ஒரு வருடம் படுத்துக் கிடந்தார். புண் வராமல் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவள் நிர்மலா. 'அன்றைக்கு நான் மறக்காமல் இருந்திருந்தால்...' என்பாள், நான் பார்க்கப் போகும்போதெல்லாம். செத்த வீட்டில் எல்லார் முன்பும் தலையில் அடித்துக்கொண்டு அதையே சொல்லி அழுதாள். உறவுக்காரப் பெண்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். கையை மட்டும் தடுத்தேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை உங்களிடம் வந்திருக்கமாட்டேன்.

நான் ஆசிரியரான பிறகு இதழ் சவசவ என்று ஆனது. எனக்கே தெரிந்தது. ஆகவே கட்டுரைகளை நிர்மலாவிடம் கொடுக்கத் தொடங்கினேன். "சும்மா ஒருதரம் பாத்துக் குடுடி" என்பேன். அவள் பென்சிலால் குறித்துத் தருவாள். நான் அவற்றை மையால் எழுதி அச்சுக்கு அனுப்புவேன். 'ஆசிரியரின் நுட்பமான கண்' என்று வெளியூர் அறிஞர்கள் பாராட்டி எழுதினார்கள். அந்தக் கடிதங்களை அவளிடம் காட்டியதில்லை.

சில வருடங்கள் கழித்துப் பேராசிரியர் தம் கடைசிக் கட்டுரையை அனுப்பினார். கண்பார்வை போய், இன்னொருவரை வைத்துச் சொல்லி எழுதியது. வீட்டுக்குள் பூட்டி வைக்கப்படும் முதியோரைப் பற்றியது. படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீடுதான். ஆய்வு நெறிப்படி ஊரை மாற்றியிருந்தார், தெருவை மாற்றியிருந்தார், பாஷையைப் பற்றிய பேச்சையே நீக்கியிருந்தார். கதவைத் திறந்ததும் தப்பியோடி வண்டியில் அடிபட்ட ஒரு மூதாட்டி. அவரைப் பூட்டி வைத்த ஒரு மருமகள்.

அதை நிர்மலாவிடம் கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அவள் கண்டுபிடித்து என் மென்னியைப் பிடிக்கட்டும் என்றா? தெரியவில்லை... அந்தக் கட்டுரை நன்றாக வர வேண்டும், எனக்குப் பெயர் வர வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். துப்புங்கள்.

அவள் கண்டுபிடிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அன்றைக்கு அவள் வீட்டுக்கு யாருமே வரவில்லை. கதவைத் திறந்து போட்டது அவள். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பாள்? பொறுமையாகப் படித்துவிட்டு, அந்த மூதாட்டிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள்.

"இந்த எடம் என்னமோ இடிக்குதுடி" என்றாள். "அந்தம்மாவப் பத்தி இம்புட்டு எழுதியிருக்காரு சாரு. அந்த மருமககிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? ஏன் பூட்டுனேன்னு அவ சொல்றதுக்கும் ஒரு வரி இருக்கணும்ல? அவ பக்கத்து நியாயம் என்னவோ, யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும்! எனக்குத் தெரியும். இந்த உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் என் எதிரில், ஒரு முழம் தள்ளி, பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்த இடத்தில் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? பயம் இல்லை. வெட்கம் இல்லை. காலில் விழுந்து கதற வேண்டும் என்றும் தோன்றவில்லை. 'இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றாமல் போனது?' என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. பதிலையே கையில் வைத்திருந்தவள் நான். கேள்வியை அவள் கேட்டுவிட்டாளே என்று வயிறு எரிந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"சார் எழுதுனதுல நாம கை வைக்கக் கூடாதுடி" என்று சொல்லி அந்தப் பென்சில் கோட்டை அழித்தேன். கட்டுரை அப்படியே வந்தது. பேராசிரியர் அதற்கடுத்த வருடம் காலமாகிவிட்டார். கடைசிவரை நிர்மலாவைப் பற்றி அவர் நினைத்திருந்தது மாறவில்லை.

அவள் இப்போதும் செல்லூரில்தான் இருக்கிறாள். நான் இப்போதும் ஆசிரியர்தான். அடுத்த இதழுக்கான கட்டுரைகளை நேற்றுத்தான் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.